நாய்க்கு முயல் கறி: பச்சையாகப் போடலாமா?

நாய்க்கு என்ன சாப்பாடு போடுவது? தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது ஒரு கேள்வியே அல்ல. வீட்டார் சாப்பிட்டு மிஞ்சிய சோறு, கொஞ்சம் குழம்பு, என்றைக்காவது ஓர் எலும்பு. நாயும் வாலை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டுவிட்டுத் திண்ணை ஓரத்தில் படுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே நாய் வளர்ப்பவர்கள் இந்த விஷயத்தில் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். கம்பெனிகள் செய்து விற்கும் உணவுதான் நல்லது என்பது ஒரு கட்சி. நாய் ஓநாயின் வம்சம். அதற்குப் பச்சை மாமிசம்தான் இயற்கை உணவு என்பது மற்றொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சியிலேயே ஒரு பிரிவினர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். கடை மாமிசத்தையும் அவர்கள் நம்புவதில்லை. வீட்டுக் கொல்லையில் முயல் வளர்க்கிறார்கள். அதை அறுத்து, எலும்பு, ஈரல், குடல், சில வீடுகளில் தோலும் ரோமமும் உள்பட, பச்சையாகவே நாய்க்குப் போடுகிறார்கள்.

கேட்டவுடன் சிலருக்குச் சிரிப்பு வரும். சிலருக்கு அருவருப்பு வரும். அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் நியாயம் ஆகாது. அவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைதான் மீதிப் பாதியை மறைத்துக்கொண்டிருக்கிறது.

கம்பெனி உணவு வந்த கதை

நாய்க்கென்று தனி உணவு செய்து விற்கும் வியாபாரம் ரொம்பப் பழையது அல்ல. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் 1860-ஆம் ஆண்டு வாக்கில் லண்டனில் நாய் பிஸ்கோத்து செய்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பு அங்கேயும் நாய்கள் வீட்டில் மிஞ்சியதைத்தான் தின்றன. 1922-ல் அமெரிக்காவில் குதிரைக் கறியை டப்பாவில் அடைத்து நாய்க்கு விற்றார்கள். இரண்டாவது உலகப் போரில் தகரத்துக்கும் மாமிசத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. டப்பா பின்னுக்குப் போயிற்று. உலர்ந்த உணவு முன்னுக்கு வந்தது. போர் முடிந்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது.

1993-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற மிருக வைத்தியர் ஒரு புத்தகம் எழுதினார். நாய்க்குப் பச்சை எலும்பும் மாமிசமும் கொடுங்கள் என்பதுதான் அதன் சாரம். பச்சைக் கறிக் கட்சிக்கு அது வேதப் புத்தகம் மாதிரி ஆயிற்று.

ஆனால் ஜனங்களின் நம்பிக்கையை உண்மையில் ஆட்டி வைத்தது 2007-ஆம் ஆண்டு நடந்த சம்பவம். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் பசையில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்திருந்தார்கள். புரதம் அதிகம் இருப்பது போலக் காட்டுவதற்காகச் செய்த மோசடி அது. அந்தப் பசை நாய், பூனை உணவில் போய்ச் சேர்ந்தது. பல பிராணிகள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. ஒரே ஒரு கம்பெனி மட்டும் சுமார் 6 கோடி டப்பாக்களையும் பொட்டலங்களையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் விற்ற உணவெல்லாம் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

"இனிமேல் என் நாய்க்கு நானே சாப்பாடு செய்துகொள்கிறேன்" என்று ஒருவர் அதற்குப் பிறகு முடிவு செய்தால், அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

ஏன் முயல்?

கோழி இருக்கிறது, ஆடு இருக்கிறது. முயலை ஏன் பிடித்தார்கள்? அதற்கும் காரணம் உண்டு.

சில நாய்களுக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். ரோமம் கொட்டும், காது சீழ் பிடிக்கும். மாட்டுக் கறியோ கோழிக் கறியோ ஒத்துக்கொள்ளாததால் இப்படி வருவதுண்டு. அப்போது, நாய் அதுவரை தின்றே இராத ஒரு மாமிசத்தை மட்டும் சில வாரங்கள் கொடுத்துப் பார்க்கும்படி வைத்தியர்கள் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் முயலுக்கு எப்போதும் இடம் உண்டு. ஆனால் அமெரிக்கக் கடைகளில் முயல் கறி லேசில் கிடைக்காது. கிடைத்தாலும் விலை அதிகம். ஆகவே, "நாமே வளர்த்தால் என்ன?" என்று தோன்றிவிடுகிறது.

முயல் வளர்ப்பதும் கஷ்டமான காரியம் அல்ல. அது கூவாது, கத்தாது. கார் நிறுத்தும் கொட்டகையின் ஒரு மூலை போதும். நியூஸிலாந்து வெள்ளை என்ற ஜாதிப் பெண் முயல் 31 நாளில் குட்டி போடும். ஒரு ஈற்றுக்கு ஏழெட்டுக் குட்டிகள். பத்து வாரத்தில் ஒவ்வொன்றும் 2 கிலோவுக்கு மேல் எடை வந்துவிடும். (ஜாதியின் பெயரில்தான் நியூஸிலாந்து. அது அமெரிக்காவில் உருவான ஜாதி.)

இதெல்லாம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

30 கிலோ எடையுள்ள ஒரு நாய். பச்சை மாமிசம் போடுகிறவர்கள் தினம் நாயின் எடையில் நூற்றுக்கு 2 முதல் 3 பங்கு வரை போடுகிறார்கள். நடுத்தரமாக வைத்தால் தினம் 750 கிராம். வருஷத்துக்கு 270 கிலோவுக்கு மேல். ரோமத்திலிருந்து குடல் வரை எதையும் வீணாக்காமல் போட்டால்கூட வருஷத்துக்குச் சுமார் 137 முயல்கள் வேண்டும். தோல், தலை, குடலை நீக்கிவிட்டால் முயலின் எடையில் பாதிதான் மிஞ்சும், எண்ணிக்கையோ இரட்டிப்பாகும். ஒரு கிலோ முயல் வளர்வதற்குச் சுமார் மூன்றரைக் கிலோ தீவனம் பிடிக்கும். ஆக, ஒரு நாய்க்காக ஏறக்குறைய ஒரு டன் தீவனம்! நாலு தாய் முயல்கள். தினமும் கூண்டு கழுவும் வேலை. வாரத்துக்கு இரண்டு மூன்று முயல்களைத் தன் கையாலேயே அறுக்கும் வேலை.

செலவு மிச்சம் என்று நினைத்து இதில் இறங்குகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ஒரு சின்ன நாயாக இருந்தால் வேறு விஷயம்.

ஓநாய் கட்சியின் வாதம்

"நாய் ஓநாயின் வம்சம்" என்பது உண்மை. ஆனால் வம்சம் என்பதற்காக எல்லாமே அப்படியே இருந்துவிடுமா? 2013-ல் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மாவுச் சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாய்களிடம் அது பல மடங்கு பெருகியிருக்கிறது. மனிதன் போட்ட சோற்றையும் ரொட்டியையும் தின்று தின்று நாய் மாறிவிட்டது. கம்பங்கூழைக் குடித்துவிட்டு ராத்திரி முழுவதும் காட்டைக் காவல் காத்த நாய்களைப் பார்த்த தமிழ்நாட்டு விவசாயிக்கு இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

"முழு முயலைப் போட்டால் அதுவே முழு உணவு" என்று ஒரு வாதமும் உண்டு. கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையில் பூனைகளுக்கு முழு முயலையும் அரைத்து, பச்சையாக, பல மாதங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முதலில் பூனைகள் பளபளப்பாக இருந்தன. மலம்கூட மற்றப் பூனைகளைவிட நன்றாக இருந்தது. பிறகு ஒரு பூனை இருதய நோயால் செத்துப்போயிற்று. டாரின் என்ற சத்து போதாததுதான் காரணம் என்று தெரிந்தது. 2002-ல் இந்த விவரம் வெளியாயிற்று.

பூனையின் கதை நாய்க்கு அப்படியே பொருந்தாது. டாரினை நாய் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும். ஆனாலும் முழுப் பிராணி என்றால் முழு உணவு என்ற நம்பிக்கையில் ஓட்டை விழுந்துவிட்டது. முயல் கறியில் கொழுப்பு மிகவும் குறைவு. ஓடியாடி வேலை செய்கிற நாய்க்கு அது மட்டும் போதாது.

ஒரே கொல்லையில் நடக்கும் நாடகம்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். "கடைக் கறி எங்கிருந்து வந்ததோ யார் கண்டார்கள்? என் முயல் என் கண்ணுக்கு முன்னால் வளர்ந்தது, ஆகவே சுத்தமானது." இதுதான் வீட்டில் முயல் வளர்ப்பவர்களின் பெரிய வாதம். இங்கேதான் அவர்கள் தவறுகிறார்கள். ஆபத்து கடையில் இல்லை. அவர்களுடைய கொல்லையிலேயே இருக்கிறது.

நாயின் குடலில் ஒரு வகை நாடாப்புழு வாழ்கிறது. அதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லை முயல் தின்னும். முட்டை பொரிந்து, நுண்ணிய புழு முயலின் ஈரலைத் துளைத்துக்கொண்டு போய், வயிற்றுக்குள் நீர்க்கொப்புளமாகத் தங்கும். பட்டாணி அளவில், கொத்துக் கொத்தாக, கண்ணாடி மணி மாதிரி தொங்கும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயருக்கே பட்டாணி வடிவம் என்றுதான் அர்த்தம். அந்த முயலை அறுத்துப் பச்சையாக நாய்க்குப் போட்டால், கொப்புளம் நாயின் குடலில் போய் மறுபடியும் நாடாப்புழு ஆகும். இரண்டு மாதத்துக்குள் முட்டை வெளியே வரத் தொடங்கும். மறுபடியும் புல். மறுபடியும் முயல்.

காட்டில் இந்தச் சக்கரம் சுற்றுவதற்கு நரியும் முயலும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். வீட்டுக் கொல்லையிலோ சந்திப்பை மனிதனே ஏற்பாடு செய்து கொடுக்கிறான். காலையில் நாயைக் கொல்லையில் அவிழ்த்து விடுகிறான். சாயங்காலம் அதே கொல்லையில் புல் அறுத்து முயலுக்குப் போடுகிறான். மறுநாள் முயலை அறுத்து நாய்க்குப் போடுகிறான். புழு உட்கார்ந்த இடத்திலேயே ராஜபோகமாக வாழ்கிறது!

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 1850-ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியில் பிரெடரிக் குக்கன்மெய்ஸ்டர் என்ற டாக்டர், முயலின் வயிற்றிலிருந்து இதே கொப்புளங்களை எடுத்து நாய் இனத்தைச் சேர்ந்த மிருகங்களுக்குத் தின்னக் கொடுத்தார். பிறகு அவற்றின் குடலைத் திறந்து பார்த்தார். உள்ளே நாடாப்புழுக்கள் இருந்தன. கொப்புளமும் நாடாப்புழுவும் ஒரே பிராணியின் இரண்டு வேஷங்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். அவர் அதோடு நிற்கவில்லை. 1855-ல் மரண தண்டனை பெற்ற ஒரு கைதிக்கு, அவனுக்குத் தெரியாமலேயே, பன்றிக் கறியிலுள்ள கொப்புளங்களை உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பிறகு அவன் குடலிலும் நாடாப்புழுக்கள் இருந்தன. விஞ்ஞானம் வளர்ந்த வழிகளில் எல்லாமே பார்க்க அழகானவை அல்ல.

இந்த முயல் நாடாப்புழு மனிதனைத் தொற்றாது. பெரும்பாலும் நாயும் அதனால் செத்துவிடாது. பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுத்தால் புழு ஒழிந்துவிடும். ஆனால் சக்கரத்தை நிறுத்தாமல் மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றின கதைதான். இதே வழியில் வேறு சரக்குகளும் பயணம் செய்கின்றன. நாயின் குடலிலுள்ள உருண்டைப் புழுவின் குஞ்சுகள் முயலின் தசையில் தங்கும். அது மனிதனுக்கும், முக்கியமாக மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கும் வரக்கூடியது. சில சமயம் கண்ணையே பாதிக்கும். முயலின் ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் போடும் ஒரு கிருமி இருக்கிறது. அது நாயைப் பிடிக்காது. ஆனால் நாயின் வயிறு வழியாகப் போய் மறுபடியும் கொல்லையில் விழுந்து, அடுத்த ஈற்றுக் குட்டிகளைக் கொல்லும்.

நோயில் தானாகச் செத்த முயலை நாய்க்கு எறிவது இன்னும் மோசம். முயல்களுக்கு இரத்தம் கக்கிச் சாகும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. 1984-ல் சீனாவில் முதலில் தெரிந்தது. அதன் புதிய வகை 2010-ல் பிரான்சில் தோன்றி, 2020-ல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதிகளில் பரவிற்று. நாய்க்கு அது வராது. ஆனால் அந்தக் கறியைத் தின்ற நாயே அதைக் கூண்டுக்குக் கூண்டு கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

ஐஸ் பெட்டி செய்வதும் செய்யாததும்

"நாங்கள் உறைய வைத்துத்தானே போடுகிறோம்" என்பார்கள். நல்லது. கறியைக் கல் மாதிரி உறையவிட்டுப் பத்து நாளுக்குக் குறையாமல் வைத்தால் அந்த நீர்க்கொப்புளங்கள் செத்துப்போகும். ஆனால் சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சாகா. தூங்கிக்கொண்டிருக்கும். கறி இளகியதும் எழுந்துகொள்ளும்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை கடைகளில் விற்ற நாய், பூனை உணவுகளைச் சோதித்தது. பச்சைக் கறி உணவில் 196 மாதிரிகள். அவற்றில் 15-ல் சால்மோனெல்லா இருந்தது. 32-ல் லிஸ்டீரியா இருந்தது. 2012-லேயே அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம், பச்சை மாமிசத்தைப் பிராணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று தன் கொள்கையை அறிவித்தது. அந்தச் சோதனை கடைச் சரக்கைப் பற்றியது. வீட்டு முயலைப் பற்றியது அல்ல. அது சரிதான். ஆனால் கடை மாமிசத்தைப் பார்ப்பதற்காவது இன்ஸ்பெக்டர் உண்டு. அந்த நாட்டில் முயல் அறுப்பதற்குக் கட்டாய மத்திய சர்க்கார் பரிசோதனை கிடையாது. அப்படியிருக்க, கொல்லையில் அறுக்கும் முயலை யார் பார்க்கப் போகிறார்கள்?

நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதன் வயிறு அப்படி. ஆனால் அது கிருமியை மலத்தில் கழிக்கும். தின்ற வாயால் குழந்தையின் முகத்தை நக்கும். வீட்டில் ஒரு கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, நோயாளியான கிழவரோ இருந்தால் யார் பொறுப்பு? "எங்கள் நாய் பத்து வருஷமாக நன்றாகத்தான் இருக்கிறது" என்பது இந்தக் கேள்விக்குப் பதிலே அல்ல.

கொல்லும் கை

முயல் வளர்ப்பவர்களுக்குக் கிருமியைவிடப் பெரிய எதிரி அனுதாபம்தான். அமெரிக்காவில் முயல் செல்லப் பிராணி. வீட்டுக்குள்ளே முயல் வளர்ப்பவர்களுக்கென்று 1988-ல் கலிபோர்னியாவில் ஒரு சங்கமே தோன்றியது. 2014-ல் ஹோல் புட்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் சில ஊர்களில் முயல் கறி விற்கத் தொடங்கியது. கடை வாசல்களில் ஆர்ப்பாட்டம் நடந்தது. அடுத்த வருஷமே விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதே கடைகளில் கோழியும் மாடும் தாராளமாக விற்றுக்கொண்டுதான் இருந்தன!

இந்த விஷயத்தில் முயல் வளர்ப்பவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. டப்பாவைத் திறந்து நாய்க்குக் கொட்டுகிறவரும் ஒரு பிராணியைக் கொன்றவரே. அந்தப் பிராணி எப்படி வாழ்ந்தது, எப்படிச் செத்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்புவதில்லை. கொல்லையில் வளர்த்தவருக்குத் தெரியும். நல்ல தீவனம் போட்டு, நிழலில் வைத்து, ஒரு நொடியில் வலியில்லாமல் முடிக்கத் தெரிந்தவரைக் கொடியவர் என்று சொல்ல முடியாது. முயலை உயிரோடு அவிழ்த்துவிட்டு நாய் துரத்திக் கடிப்பதை வேடிக்கை பார்ப்பவன் வேறு. அவனுக்கு நாயின் சாப்பாடு ஒரு சாக்கு.

தமிழ்நாட்டில் இதைப் படித்துவிட்டு யாருக்காவது ஆசை வரலாம். தென் மாவட்டங்களில் கன்னி, சிப்பிப்பாறை நாய்களை முயல் வேட்டைக்கென்றே வளர்த்த காலம் உண்டு. காட்டு முயலைப் பிடிப்பது இப்போது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது. வீட்டு முயலோ கோடை வெயிலைத் தாங்காது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையத்தில் முயல் வளர்க்கிறார்கள் என்றால், அந்தக் குளிர் அதற்கு ஏற்றது. சமவெளியில் சித்திரை மாத வெயிலில் கறி எத்தனை நாழிகை கெடாமல் இருக்கும் என்பதை எந்தக் கறிக்கடைக்காரரும் சொல்வார். மின்சாரம் நின்றுவிட்டால் ஐஸ் பெட்டியும் கைவிட்டுவிடும்.

நாய்க்காக முயல் வளர்க்கலாமா என்றால், வளர்க்கலாம். பச்சையாகப் போடலாமா என்றால், வேண்டாம். நாய் நடமாடும் இடத்துப் புல்லை முயலுக்குப் போடக் கூடாது. அறுத்தவுடன் ஈரலையும் வயிற்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புள்ளியோ கொப்புளமோ இருந்தால் அந்தக் குடலும் ஈரலும் நாய்க்கு அல்ல, ஆழமான குழிக்கு. மீதியை நன்றாக வேக வைத்துச் சோற்றில் பிசைந்து போட்டால் நாய் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. அரிப்புக்காக முயல் கறி கொடுப்பவர்களுக்கும் இதனால் நஷ்டம் இல்லை. அங்கே வேண்டியது புதிய மாமிசம், பச்சை மாமிசம் அல்ல. ஒன்றே ஒன்று: வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். அதை நீக்கிவிட வேண்டும். எலும்பை நீக்கினால் சுண்ணாம்புச் சத்தும் கூடவே போய்விடும். அதற்கு ஈடாக எவ்வளவு கால்சியம் சேர்ப்பது என்பதை நாயின் எடையைச் சொல்லி மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். குட்டி நாயாக இருந்தால், கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது.